எர்லிகானுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் கரு) பிழைதிருத்தக் கையேட்டில் எர்லிகான் (earlycon), எர்லிபிரிண்ட்கே (earlyprintk) இரண்டையும் சேர்த்துச் சுட்ட ஒரு சொல் வேண்டும். கணினி தொடங்கும்போது, முறையான கன்சோல் (செய்திகள் வெளிவரும் திரை அல்லது போர்ட்) தயாராகும் முன்பே கர்னலின் செய்திகளை வெளியே காட்டும் வசதிகள் இவை. வரைவில் இப்போதைக்கு 'தொடக்க வெளியீடு' என்று போட்டிருக்கிறேன். எனக்கே திருப்தியில்லை.

———

> 'தொடக்க வெளியீடு' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் ஐயா. மென்பொருள் பேசும் இடத்தில் 'வெளியீடு' என்றாலே புதுப் பதிப்புதான் நினைவுக்கு வரும். தலைப்பைப் பார்த்தவுடன் வாசகர் 1991க்குப் போய், லினக்ஸின் முதல் பதிப்பைத் தேடுவார்.

'தொடக்க'மும் இடிக்கிறது. கர்னலின் செய்திகளை எழுதும் பிரிண்ட்கே ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. செய்திகள் நினைவகத்தில் வளைய இடையகத்தில் (நிறைந்ததும் பழையதன்மேல் எழுதும் தற்காலிகச் சேமிப்பிடத்தில்) சேர்கின்றன. கன்சோல் டிரைவர் பதிவாகும்வரை அவற்றை வெளியே கொண்டுவர ஆளில்லை, அவ்வளவுதான். அதற்குள் கர்னல் நின்றுவிட்டால் திரை கறுப்பு. காரணம் உள்ளேயே கிடக்கும்.

எர்லிகான் செய்வது மிக எளிய வேலை. எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) கணினியில் முதல் சீரியல் போர்ட்டின் (கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் வாயின்) முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 3எஃப்8. அதிலிருந்து ஐந்து தள்ளி நிலைப் பதிவகம், போர்ட் அடுத்த எழுத்துக்குத் தயாரா என்று சொல்வது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அதன் 5ஆம் பிட் 1 ஆகிவிட்டதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும். ஆனதும் 3எஃப்8இல் ஓர் எழுத்தைப் போடும். மறுபடி பார்க்கும், அடுத்த எழுத்து. இன்டரப்ட் (வன்பொருள் தானே செயலியைக் கூப்பிடுவது) கிடையாது. மெதுவாகத்தான் போகும், ஆனால் எதையும் நம்பியிருக்காது. முறையான டிரைவருக்கு முந்திக்கொள்வதால் 'முந்துமுனையம்' என்கிறேன். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

———

> வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்

இலக்கணம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 'முனையம்' டெர்மினலுக்குப் போய்விட்டது. முனையம் என்றால் தட்டச்சும் செய்யலாம் என்று தோன்றும். எர்லிகானோ வழக்கமாக எழுத மட்டுமே தெரிந்தது. கன்சோலைக் கன்சோலாகவே விட்டுவிட்டு 'முன்னோடிக் கன்சோல்' என்போமே.

நான் இதைப் பதிவு வரிகளில் வைத்துப் பார்த்தேன். சரியான கன்சோல் வந்ததும் கர்னல் 'பூட்கன்சோல் டிசேபிள்ட்' (முன்கூட்டிய கன்சோல் முடக்கப்பட்டது) என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பழையதை விலக்கும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். கர்னலைத் தொடக்கும்போது கொடுக்கும் கட்டளை வரியில் கன்சோல் அளவுருவைத் தவறான போர்ட்டுக்குக் கொடுத்திருந்தால், இந்த வரியோடு எல்லாம் நின்றுபோகும். கர்னல் இங்கேதான் உறைந்தது என்று நினைத்து, ஒரு பாவமும் அறியாத டிரைவரைப் பிரித்து மேய்வார்கள். உண்மையில் கர்னல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், வேறு கம்பியில் பேசிக்கொண்டு. 'முன்னோடிக் கன்சோல் விலகியது' என்று படித்தால், பின்னால் வரவேண்டியவர் எங்கே என்ற கேள்வி தானாக எழும். 'முந்து' அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

அப்புறம், 'சீரியல்' என்பதைச் சொல்லுக்குள் நுழைக்க யாரும் முயல வேண்டாம். எர்லிபிரிண்ட்கேக்கு விஜிஏ (கணினித் திரை) என்று கொடுத்தால் ஹெக்ஸ் பி8000 முகவரியில் நேரே எழுத்தை வைத்துவிடும், கம்பியே தேவையில்லை.

———

சரி, முன்னோடிக் கன்சோல். கையேட்டில் மாற்றிவிடுகிறேன். கட்டளை வரியில் தட்ட வேண்டிய பெயர்கள் மட்டும் உள்ளபடியே இருக்கும். அவற்றைத் தமிழாக்கினால் கர்னலுக்குப் புரியாது.

கீப்_பூட்கான் (keep_bootcon) என்ற கட்டளை வரி அளவுரு பற்றியும் ஒரு பத்தி சேர்க்கிறேன். முன்னோடியை விலக்காமல் வைத்திருக்க அது ஒரு வழி. இரண்டு கன்சோலும் ஒரே போர்ட்டில் இருந்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் பிழை அறிக்கை வரும்.