வயர் பிடித்துப் பழகிய கையும் கிளாம்பும்

பழையகத்தி:
நான் ரத்தநாள அறுவைப் பயிற்சி முடித்தது 1990-களின் தொடக்கத்தில். வயிற்றில் அயோர்டா, அதாவது பெருந்தமனி, பை போல வீங்கினால் வயிற்றைத் திறந்து சரிசெய்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. பியூனஸ் அயர்ஸில் பரோடி என்ற அறுவை மருத்துவர், வயிற்றைத் திறக்காமல் தொடை வழியாக வயர் விட்டு அயோர்டாவுக்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பி வலை பொருத்திய துணிக்குழாய்) வைத்ததை 1991-ல் கட்டுரையாக வெளியிட்டார். எங்கள் சீஃப் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

பத்து வருஷம் கழித்து, நரை விழுந்த பிறகு, எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈயச்சட்டை மாட்டிக்கொண்டு வயர் பிடிக்கக் கற்றவன் இதே நான்தான். முதல் கேஸில் கிராஃப்டின் எதிர்ப்பக்கக் 'கேட்'டுக்குள் (அடுத்த கிளையைப் பொருத்தும் வாய்க்குள்) வயரை நுழைக்க முக்கால் மணி நேரம். நுழைந்துவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் நின்ற ரேடியாலஜிஸ்ட், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், "பிக்டெயிலை மேலே ஏற்றி ஒரு சுற்று சுற்றிப் பாருங்க சார்" என்றார். கிராஃப்டுக்குள் இருந்தால் தடையில்லாமல் சுற்ற வேண்டிய, நுனி சுருண்ட அந்தக் குழாய் சுற்றவில்லை. வயர் கிராஃப்டுக்கு வெளியே போயிருந்தது! அப்படியே கிராஃப்டின் அடுத்த கிளையைத் திறந்திருந்தால், அது வீக்கப் பைக்குள் விரிந்திருக்கும்.

ஈயச்சட்டை:
சார், என் கதை இதற்கு நேர் எதிர். வயர் வேலை எனக்குக் கைவந்த வேலை. ஆனால் வயிற்றைத் திறந்து அயோர்டாவைத் தொட்ட கேஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொடையிலும் கழுத்திலும் ஓபன் கேஸ்கள் இன்னும் வருகின்றன, குறை வயிற்றில்தான். இடம் தோதான வீக்கம் எல்லாம் ஸ்டென்டுக்குப் போய்விடுகிறது. ஓபனுக்கு மிஞ்சுவது சிறுநீரகத் தமனியை ஒட்டி நிற்பதும், முன்பு வைத்த கிராஃப்ட் ஒழுகிப் பை பெருத்ததும். சுலபமான கேஸில் பழகிவிட்டு இங்கே வரலாம் என்றால், அந்தச் சுலபமான கேஸே இல்லை.

பழைய கிராஃப்ட் ஒன்றை எடுக்கும்போதுதான் முதன்முதலாக உதரவிதானத்துக்குக் கீழே கிளாம்ப் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி) போட்டேன். "கண்ணால தேடாதே. அயோர்டாவுக்கு ரெண்டு பக்கமும் விரல் போய் முதுகெலும்பைத் தொடட்டும், அப்புறம் கிளாம்ப்" என்றார் சீனியர். அதுவரை திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்த குழாய் விரலுக்கடியில் துடித்தது. கிராஃப்டின் கொக்கிகள் சுவரை விடவில்லை. அவர் 20 மில்லி சிரிஞ்சின் முனையை வெட்டி, அந்தக் குழாயை ஸ்டென்டின் மேல் திருகி ஏற்றினார். கம்பிகள் மடங்கி உள்ளே வந்தன. எந்த சிமுலேட்டரிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

மயக்கமருந்துக்காரர்:
தலைமாட்டிலிருந்து பார்த்ததை நானும் சொல்கிறேன். பழைய ஆட்கள் கிளாம்பை எடுக்குமுன் "எடுக்கப் போறேன், ரெடியா?" என்று கேட்பார்கள். நான் திரவம் ஏற்றித் தயாராவேன், அவர்கள் மெல்ல மெல்லத் தளர்த்துவார்கள். ஒரு நாள் இளையவர் ஒருவர் சட்டென்று எடுத்துவிட்டார். 130-ல் இருந்த பிரஷர் 60-க்கு வந்துவிட்டது. கெட்டிக்காரர்தான், அவரைத் திட்ட மனம் வரவில்லை. வயர் வேலையில் அப்படிச் சொல்லி எடுக்கும் தேவை அவருக்கு வந்ததே இல்லை.

பழையகத்தி:
அதனால்தான் எங்கள் யூனிட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஓபன் அயோர்டா வந்தால் கேத்-லேப் (வயர் வேலை நடக்கும் அறை) பட்டியலை மாற்றியாவது பயிற்சியில் இருப்பவர் கை கழுவிக்கொண்டு வந்துவிட வேண்டும். பின்சுவர்த் தையல் அவருக்கு, நூலை இழுத்துப் பிடிக்கிற வேலை எனக்கு. அரை மணி கூடுதலாகும். மயக்கமருந்துக்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை.