‘கிணற்றின் நேர்மை’யும் ஒழுகுகிற சொற்களும்

> அமெரிக்காவின் நிலத்தடி எரிவாயுச் சேமிப்பு விதிகளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘வெல் இன்டெக்ரிட்டி’ என்பதற்கு மொழிபெயர்ப்புக் கருவி ‘கிணற்றின் நேர்மை’ என்கிறது. ‘ஊறின்மை’ என்று போடலாமா? ‘கம்ப்ளையன்ஸ்’ என்பதற்கு ‘விதியொழுகல்’ பொருந்துமா? ‘ரெக்கார்ட் கீப்பிங்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

வணக்கம் ஐயா.

பொய் சொல்லாத கிணறு! படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் நீங்கள் தரும் ‘ஊறின்மை’யும் ஆபத்தான சொல்தான். ஊறு என்றால் தீங்கு. எனவே ஊறின்மை என்றால் பழுதின்மை. இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் கிணறு என்ற சொல் பக்கத்தில் வந்ததும் தமிழ்க் காது ‘ஊறுதல்’ என்ற வினையைத்தான் பிடித்துக்கொள்ளும். ஊறாத கிணறு நமக்கு வறண்ட கிணறு. எரிவாயுக் கிணற்றில் வாயு ஊறி வெளியே வந்தால் அது விபத்து. பாராட்டும் பழியும் இடம் மாறிக்கொள்ளும் சொல் நமக்கு வேண்டாம்.

‘விதியொழுகல்’ இன்னும் மோசம். ஒழுகுதல் என்றால் நெறிப்படி நடத்தல். கூரை ஒழுகுவதும் அதே ஒழுகுதல்தான். கசிவைத் தடுக்கவே எழுதப்பட்ட விதித்தொகுப்பில் பக்கத்துக்குப் பக்கம் ‘ஒழுகல்’ என்று அச்சிட்டால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? அகராதிகள் தரும் ‘இணக்கம்’ வேறு வகைச் சிக்கல். “ஆய்வாளர் இணக்கமாக இருந்தார்” என்று எழுதிப் பாருங்கள்; அந்த ஆய்வாளர்மீது விசாரணை வைக்கத் தோன்றும். செய்தித்தாள்கள் அன்றாடம் எழுதுகிற ‘விதிகளைக் கடைப்பிடித்தல்’ என்பதையே எடுத்துக்கொண்டு ‘விதிக் கடைப்பிடிப்பு’ என்று வைத்தால் போதும். எதிர்ச்சொல் விதிமீறல், அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இப்போது முதன்மையான சொல்லுக்கு வருகிறேன். இந்தத் துறையில் ‘இன்டெக்ரிட்டி’ எதைக் குறிக்கிறது என்பதைச் சட்டத்தில் தேடுவதைவிட அலிசோ கேன்யனில் தேடுவது மேல். லாஸ் ஏஞ்சலஸ் அருகே, வற்றிப்போன எண்ணெய் வயல் ஒன்றில் எரிவாயுவைச் சேமிக்கிறார்கள். அங்கே எஸ்எஸ்-25 என்ற கிணறு 1953இல் எண்ணெய்க்காகத் தோண்டப்பட்டது. பிறகு சேமிப்புக் கிணறாக மாற்றினார்கள். 2015 அக்டோபர் 23 அன்று அதில் கசிவு தெரியவந்தது. 2016 பிப்ரவரியில்தான் அடைக்க முடிந்தது. ஏறத்தாழ 1 லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. பக்கத்திலுள்ள போர்ட்டர் ராஞ்ச் குடியிருப்புப் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. 2019இல் வெளிவந்த மூலக் காரண ஆய்வு, நிலத்தடி நீர் பட்டு, நுண்ணுயிரிகளால் 7 அங்குல உறைக்குழாயின் (கிணற்றுத் துளைக்குள் இறக்கும் எஃகுக் குழாய்) வெளிப்புறம் அரித்து உடைந்தது என்றது. வாயு உள்குழாய் வழியாகவும், அதற்கும் உறைக்குழாய்க்கும் இடைப்பட்ட வெளி வழியாகவும் போய்வந்ததால், அந்த உறைக்குழாய்க்குப் பின்னால் இரண்டாவது தடுப்பு இல்லை.

ஆக, உறைக்குழாய், சிமென்ட், கிணற்றுத் தலை எல்லாம் ஒன்றையொன்று பற்றி நின்று வாயுவை உள்ளே வைத்திருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றவற்றின் வலிமையால் பயனில்லை. தமிழில் இதற்குக் ‘கட்டுக்கோப்பு’ என்ற சொல் இருக்கிறது. புதிதாக எதையும் வார்க்கத் தேவையில்லை. கட்டுக்கோப்பான கிணறு, கட்டுக்கோப்புச் சோதனை, கட்டுக்கோப்பு மேலாண்மைத் திட்டம் என்று தடையில்லாமல் வளைகிறது. எதிர்ப்பக்கம் ‘கட்டுக்கோப்புக் குலைவு’. ஒரு கலைச்சொல் தேறுமா என்று பார்க்க நான் முதலில் அதன் எதிர்ச்சொல்லைத்தான் கேட்பேன். ஆய்வு அறிக்கையில் அதிகம் தேவைப்படுவது அதுதான்.

இன்னொன்று, தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலுவலகத் தமிழில் கோப்பு என்றால் ஃபைல். இரண்டும் ‘கோத்தல்’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. அலிசோ கேன்யனில் அதற்கு முன்பே அறுபதுக்கு மேற்பட்ட உறைக்குழாய்க் கசிவுகள் நேர்ந்திருந்தும் ஒன்றுக்குக்கூட முறையான காரண விசாரணை நடக்கவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. கோப்பு கோக்கப்படாத இடத்தில் குழாயும் குலைந்தது.

‘ரெக்கார்ட் கீப்பிங்’ என்பதற்குப் ‘பதிவேடு பராமரிப்பு’ போதும். அரசு அலுவலகங்களில் புழங்கித் தேய்ந்த தொடர். தேய்ந்ததால் எல்லாருக்கும் புரியும். 2016இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பைப்ஸ் என்ற குழாய்வழிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குழாய்வழி மற்றும் அபாயகரமான பொருட்கள் பாதுகாப்பு நிர்வாகம் அந்த ஆண்டு டிசம்பரில் இடைக்கால விதியையும் 2020 பிப்ரவரியில் இறுதி விதியையும் வெளியிட்டது. அதில் 192.12 என்ற பிரிவு, கட்டுக்கோப்பு மேலாண்மை தொடர்பான பதிவேடுகளைச் சேமிப்பகத்தின் பயன்பாட்டுக் காலம் முழுவதும் வைத்திருக்கச் சொல்கிறது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்ற கணக்கு இல்லை. கிணறு இருக்கும்வரை ஏடும் இருக்க வேண்டும். கிணறுகளில் பலவோ எழுபது ஆண்டைக் கடந்தவை.

மறுமொழி 1

துளைக்கிணற்றுப் பணியில் பல காலம் இருந்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். ‘கட்டுக்கோப்பு’ என்றதும் எனக்குக் கட்சிதான் நினைவுக்கு வருகிறது. ‘கட்டுறுதி’ என்று வைத்தால் என்ன?

அதைவிட முக்கியமான ஒன்று. நாங்கள் கிணற்றை இரண்டு வேறு கேள்விகள் கேட்டுச் சோதிக்கிறோம். இப்போது கசிகிறதா என்பது ஒன்று. கசியும் வாயு விரிந்து குளிரும். வெப்பநிலை அளவியைக் கிணற்றுக்குள் இறக்கினால் அந்தக் குளிர்ச்சி தெரியும். இனியும் தாங்குமா என்பது அடுத்தது. அதற்கு உறைக்குழாய்ச் சுவரின் தடிமனைக் காந்தப்பாயம் கொண்டோ மீயொலி கொண்டோ அளக்க வேண்டும். எஸ்எஸ்-25இல் முதல் கேள்வியை ஆண்டுதோறும் கேட்டார்கள். இரண்டாவதைக் கேட்கச் சொல்லும் விதி அதை நடத்திய நிறுவனத்தில் இல்லை. உங்கள் சொல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறதே?

மறுமொழி 2

ஐயா சொல்வது சரி; மூட்டையைப் பிரித்துவிடலாம். முதல் கேள்விக்குக் ‘கசிவுச் சோதனை’, இரண்டாவதற்குச் ‘சுவர்த்தடிமன் சோதனை’. வெறும் வருணனைப் பெயர்கள்தான், ஆனால் எதை அளந்தோம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததே கட்டுக்கோப்பு ஆய்வு. ஒன்றை மட்டும் செய்துவிட்டு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

‘கட்டுறுதி’க்கு மட்டும் உடன்பட மாட்டேன். அது வலிமையைச் சொல்கிறது. தடித்த எஃகுக் குழாய் வலிமையானதுதான். திருகிணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் வாயு போய்விடும். கட்சி நினைவுக்கு வருவதில் எனக்கு வருத்தமில்லை. அங்கும் ஆள் கழன்றால் குலைவுதானே.

பதிவேட்டைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஏடு இருந்தால் மட்டும் போதாது. 2010 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக் குழாய் இணைப்புத் தையல் இல்லாதது என்று நிறுவனத்தின் பதிவு சொன்னது. வெடித்த குழாயிலோ நெடுக்குவாட்டில் பற்றுவைப்புத் தையல் இருந்தது, அதுவும் அரைகுறையாக. உங்கள் மொழிபெயர்ப்புக் கருவி தேடிய நேர்மை அங்கேதான் தேவைப்பட்டது.

அதன் பிறகு பதிவுகளுக்கு மூன்று அடைமொழிகள் நிலைத்தன. ‘டிரேசபிள், வெரிஃபையபிள், கம்ப்ளீட்’. சேமிப்புக் கிணறுகளுக்காக வந்தவை அல்ல என்றாலும் ஆய்வாளர்கள் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். மூன்றாவதை ‘முழுமையான’ என்று பெயர்க்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2012 அறிவிக்கையின் விளக்கப்படி அது கையொப்பம், நாள் அல்லது அதுபோன்ற ஓர் அடையாளத்தோடு இறுதியாக்கப்பட்ட பதிவு. ஐந்நூறு பக்கம் இருந்தும் அப்படி ஓர் அடையாளமும் இல்லை என்றால் அது முடியாத ஏடு. முதலாவது, அசல் தகவலோடு தெளிவாகத் தொடர்புபடுத்தக்கூடியது. இரண்டாவது, தனியான வேறோர் ஆவணமும் அதையே உறுதிசெய்வது. எனவே என் முன்மொழிவு: மூலமுள்ள, சான்றொத்த, ஒப்பமிட்டு முடித்த. மூன்றாவது கொஞ்சம் நீளம். ‘ஒப்பமுற்ற’ என்று சுருக்கினால் ‘ஒப்புக்கொள்ளப்பட்ட’ என்று மயங்குவார்களோ என்று தயங்குகிறேன்.

> கன்சாஸ் மாநில ஹட்சின்சனையும் எழுத நினைக்கிறேன். அங்கே வாயு மேலேறிய பழைய கிணறுகளை என்னவென்று சொல்வது?

2001 ஜனவரி. உப்புக் குகைச் சேமிப்பகத்திலிருந்து கசிந்த வாயு நிலத்தடியில் ஏழு மைல் நகர்ந்து ஊருக்குள் வெடித்தது, இருவர் இறந்தார்கள். மேலே வர அதற்கு வழிகொடுத்தவை பழைய உப்புநீர்க் கிணறுகள். ‘கைவிட்ட கிணறு’ என்றால் கைவிட்டவர் யார் என்பதாவது தெரிந்திருக்கும். அவற்றில் பல அங்கே இருப்பதே ஊர் நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தது. மூடி முத்திரையிட்டதைக் ‘கைவிட்ட கிணறு’ என்றும், எந்த ஏட்டிலும் இல்லாததை ‘ஏடறியாக் கிணறு’ என்றும் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு.

இந்தச் சொற்களைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஒப்பமிட்டு முடித்த என்பதற்கு எதிரே மட்டும் கேள்விக்குறி இருக்கிறது. குறுகிய சொல் கிடைத்தவர்கள் எழுதுங்கள்.