அலமாரி நிமிரவில்லை, பொருத்த வந்தவர் பாதியில் கிளம்பிவிட்டார். அவசர உதவி தேவை

மாடியறை · காலை 9:12

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புறநகரில் தனி வீடு வாங்கிக் குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. படுக்கையறைச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. நாங்களே பொருத்த நேரமில்லை என்று ஆள் ஏற்பாடு செய்தோம். நேற்று வந்தவர் கட்டிலையும் டிராயர் பெட்டியையும் முடித்துவிட்டார். அலமாரியைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்தினார். நிமிர்த்தும்போது சீலிங்கில் இடிக்கிறது. "அறைதான் சரியில்லை, என் வேலை முடிந்தது" என்று சொல்லி முழுப் பணமும் கேட்கிறார். கட்டிலில் ஒரு ஸ்க்ரூ வேறு பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. மாலையில் மறுபடி போன் செய்வார். பணம் கொடுக்கலாமா? அலமாரியை என்ன செய்வது?

ரசமட்டம் · காலை 9:30

அளவே சொல்லாமல் கேட்டால் எப்படி? அலமாரியின் உயரம், ஆழம், அகலம் வேண்டும். தரையிலிருந்து சீலிங் உயரம் வேண்டும், அதுவும் அலமாரி நிற்கப்போகும் இடத்தில் அளந்தது. ஒரே கூடா (கதவு இல்லாத வெறும் பெட்டி), பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைக்கும் இரண்டு கூடா? அடியில் கழற்றக்கூடிய கால்கள் உண்டா?

கணக்கு நோட்டு · காலை 9:41

ஆளை விற்ற கடையே அனுப்பியதா, நீங்கள் தனியாகப் பிடித்தீர்களா? மணிக்கணக்கா, சாமான் கணக்கா? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் பணத்தைப் பற்றி யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அதுவரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம். அலமாரி இப்போது கிடக்கும் நிலையை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், இடிக்கும் இடத்தையும் சேர்த்து.

தேக்கு மரம் · காலை 9:55

பார்ட்டிகிள் போர்டு சாமானா? அப்படியென்றால் அந்த ஸ்க்ரூ இனி பிடிக்காது. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது. ஒருமுறை புரி அறுந்தால் உள்ளே வெறும் தூள்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல மரத்தில் செய்யச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் வேறு வழி கிடையாது.

நாலு கோடு · காலை 10:03

ஸ்க்ரூ சுற்றுவதற்குக் காரணம் பலகை இல்லை, பிட், அதாவது திருப்பும் கருவியின் முனை. பெட்டியில் வரும் சாமான்களில் பெரும்பாலும் போசிட்ரைவ் தலை ஸ்க்ரூதான் இருக்கும். கூட்டல் குறிக்கு இடையிடையே நாலு சின்னக் கோடுகள் தெரியும், உற்றுப் பாருங்கள். அதில் சாதாரண பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் வழுக்கி வழுக்கித் தலை தேய்ந்துவிடும். வந்தவர் என்ன பிட் போட்டார்?

பழைய உளி · காலை 10:20

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை இங்கே வருகிறது, மாதம் ஒருமுறை நானும் பதில் சொல்கிறேன். தம்பி, சாமான் வாங்கும் முன்பே டேப்பை எடுத்து அளப்பது அடிப்படை. உயரம் மட்டும் சீலிங்குக்குள் அடங்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படுத்திருக்கும் பெட்டியை நிமிர்த்தும்போது இடிப்பது உயரம் அல்ல, மூலைவிட்டம். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகோரஸ்தான். விளக்கக் கையேட்டின் முதல் சில பக்கங்களிலேயே படம் போட்டிருப்பார்கள். அதை யாரும் திறப்பதில்லை.

மாடியறை · காலை 11:48

மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அலமாரி உயரம் 236 செ.மீ., ஆழம் 58. இரண்டு கூடுகள், ஒன்று 100 அகலம், இன்னொன்று 50. சீலிங் 240. ஜன்னல் பக்கம் 239.5 வருகிறது. கால் இல்லை, நேராகத் தரையில் உட்காரும் மாதிரி. ஆளைத் தனியாகத்தான் பிடித்தோம், சாமான் கணக்கு. என்ன பிட் என்று தெரியாது, பேட்டரி டிரில்லில் போட்டார். உளி ஐயா, நான் தம்பி இல்லை, பெண்.

ரசமட்டம் · மதியம் 12:05

இப்போது சொல்ல முடியும். 236ஐயும் 58ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 243 வருகிறது. உங்களுக்கு இருப்பது 240. மூன்று சென்டிமீட்டர் குறைவு. எத்தனை பேர் சேர்ந்து தூக்கினாலும் முழுதாகப் பொருத்திய கூடு அந்த அறையில் நிமிராது. வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் சீலிங்கில் பள்ளம் விழும், அல்லது மேல் மூலை உடையும். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

ஆனால் நின்றபிறகு அலமாரிக்கு மேலே 4 செ.மீ. இடம் இருக்கிறது. அதனால் அறை சரியில்லை என்று அவர் சொன்னது தவறு. பொருத்திய முறைதான் இந்த அறைக்கு ஒத்துவராதது. நிற்கவைத்தே பொருத்த வேண்டும்.

வாசல்படி · மதியம் 12:19

சின்னக் கூடு 50 அகலம்தானே? அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நிமிர்த்திப் பாருங்கள். 58க்குப் பதில் 50 வருவதால் மூலைவிட்டம் குறையும். அதையாவது கழற்றாமல் தப்பிக்கலாம்.

பழைய உளி · மதியம் 12:31

கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். 236க்கும் 50க்கும் 241 சொச்சம். அப்போதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடிக்கும். தவிர, நிமிர்த்தும்போது கூட்டின் முழு எடையும் ஒரு பக்கப் பலகையின் விளிம்பில் ஏறும். அந்த மூட்டில் இருப்பது இரண்டு கேம் லாக்கும் (எதிர்ப் பலகையின் போல்ட்டைத் திருகிப் பிடிக்கும் வட்டப் பூட்டு) இரண்டு மரக்குச்சியும் மட்டுமே.

அம்மா, தம்பி என்று சொன்னதற்கு வருத்தம். அளக்கச் சொன்னதில் மாற்றமில்லை.

மாடியறை · மதியம் 12:40

நிற்கவைத்துப் பொருத்துவது என்றால் எப்படி? மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா? பின்பக்கப் பலகைக்குச் சின்ன ஆணி வரிசையாக அடித்துவிட்டார்.

ரசமட்டம் · மதியம் 1:10

கழற்றத்தான் வேண்டும், ஆனால் முழுதாக இல்லை. கதவு மாட்டியிருந்தால் முதலில் அதை எடுங்கள். கீல் தகடுகள் பலகையிலேயே இருக்கட்டும். பின்பலகையை உள்ளிருந்து மெதுவாகத் தட்டினால் ஆணியோடு கிளம்பி வரும். அந்தப் பலகை மெல்லியது, ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் கிழியும். திரும்ப அடிக்கும்போது பழைய ஓட்டையில் அடிக்காமல் இரண்டு விரல் தள்ளி அடியுங்கள்.

பிறகு மேல்பலகையையும் ஒரு பக்கப் பலகையையும் பிரியுங்கள். மிச்சம் இருப்பது ஒரு பக்கப் பலகையும் அடிப்பலகையும் 'ட' மாதிரி. இதை இரண்டு பேர் நிமிர்த்தலாம். பலகை தட்டையாகப் படுத்து, தட்டையாகவே எழுந்திருப்பதால் இங்கே கணக்கில் வருவது 58 இல்லை, பலகையின் கனம் மட்டும்தான். கனம் இரண்டு சென்டிமீட்டர் என்றாலும் மூலைவிட்டம் 236ஐத் தாண்டி ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

நிமிர்த்தியதும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் சாய்ந்துவிடும். அடுத்த பக்கப் பலகையைச் சேருங்கள். நடுவில் அசையாத தட்டு இருந்தால் அதை மாட்டுங்கள், கடைசியில் மேல்பலகை. மேல்பலகை பக்கப் பலகைகளுக்கு நடுவே உட்காரும் வகை என்றால் முன்னாலிருந்து நுழைக்கலாம். மேலே ஏறி உட்காரும் வகை என்றால் மரக்குச்சி நுழையுமளவு தூக்கி இறக்க அந்த 4 செ.மீ. போதும்.

சுவரை ஒட்டி வைத்துச் செய்யாதீர்கள். பின்பலகை அடிக்க நீங்கள் பின்னால் நுழைய வேண்டும். அடிக்கும் முன் முன்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக இருக்கிறதா பாருங்கள். இது மட்டும் தப்பினால் கதவு ஒருநாளும் நேராக நிற்காது. அப்புறம் அடியில் பழைய போர்வையைக் கொடுத்துச் சுவருக்குத் தள்ளுங்கள்.

கணக்கு நோட்டு · மதியம் 1:22

சாமான் கணக்கு என்றால் பேச்சு சுலபம். டிராயர் பெட்டிக்குப் பணம் கொடுங்கள். கட்டிலுக்கு அந்த ஸ்க்ரூவைச் சரிசெய்த பிறகு. அலமாரிக்கு அது நின்ற பிறகு. பொருத்தித் தருவது என்றால் பயன்படுத்தும் நிலையில் தருவது என்றுதான் பொருள். கோபப்படாமல் இதை மெசேஜாக அனுப்புங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். நிற்கவைத்துப் பொருத்த இரண்டாவது ஆள் தேவை. அந்தக் கூலி யாருடையது என்பதையும் அதே மெசேஜில் பேசி முடியுங்கள்.

வாசல்படி · மதியம் 1:35

அவர் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேலை பேசும்போது மாடியறை, சீலிங் இவ்வளவு என்று சொன்னீர்களா? நான் சில வருடம் இந்த வேலை செய்தேன். கூப்பிடுபவர்கள் 'ஒரு அலமாரி, ஒரு கட்டில்' என்று மட்டும்தான் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பெட்டிகள் கார் நிறுத்துமிடத்தில் கிடக்கும், மாடிக்குத் தூக்குவது யார் என்று பேசியிருக்க மாட்டார்கள். பழைய கட்டிலைக் கழற்றுவது, அட்டைகளை அப்புறப்படுத்துவது, சுவரில் துளை போடுவது எல்லாம் தனி வேலை. அரைநாள் அதிலேயே போகும்.

பழைய உளி · மதியம் 1:50

இதை ஏற்க மாட்டேன். வேலைக்காரர் அறைக்குள் நுழைந்ததும் அளக்க வேண்டும். அவரிடம் டேப் இருக்கிறது, கையேடும் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மூலைவிட்டம் தெரியாமல் இருக்கலாம், தொழில் செய்பவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நாலு கோடு · மதியம் 2:04

டிரில் என்றாரே, அங்கேதான் இருக்கிறது விஷயம். பார்ட்டிகிள் போர்டில் டிரில்லை முழு வேகத்தில் விட்டால் ஸ்க்ரூ உட்கார்ந்த பிறகும் ஒரு சுற்று சுற்றிப் புரியை அறுத்துவிடும். டிரில் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கும், அதைச் சின்ன எண்ணில் வைக்க வேண்டும். கடைசிச் சுற்று கைத் திருப்புளியால்தான்.

தேக்கு மரம் · மதியம் 2:11

நான் சொன்னதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள். பலகை தாங்காது.

நாலு கோடு · மதியம் 2:15

தாங்கும், முறையாகச் செய்தால். எங்கள் வீட்டில் பத்து வருடமாக நிற்கிறது. மரக்குச்சிகளுக்கெல்லாம் பசை போட்டுப் பொருத்தினேன், இன்றுவரை ஒரு ஆட்டம் இல்லை.

வாசல்படி · மதியம் 2:26

பசை போடச் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுக்கு மாறும்போது எப்படிக் கழற்றுவீர்கள்? பலகையோடு பிய்ந்துதான் வரும்.

நாலு கோடு · மதியம் 2:30

சொந்த வீடு வாங்கியவர் ஏன் மாறப்போகிறார்? கேம் லாக்கை மட்டும் நம்பினால் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

பழைய உளி · மதியம் 2:44

சொந்த வீட்டிலும் அறை மாறும், குழந்தை வளரும். இப்போதே பாருங்கள், இவர் அலமாரியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நேற்று பசை போட்டிருந்தால் இன்று ரசமட்டம் சொன்ன எதையும் செய்ய முடியாது. கட்டிலில் பசை போடுங்கள், மேசையில் போடுங்கள். அலமாரியில் போடாதீர்கள்.

மாடியறை · மாலை 4:02

மெசேஜ் அனுப்பிவிட்டேன், நாளை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். இரண்டாவது ஆள் கூலியில் பாதி நான் தருகிறேன் என்றேன். சீலிங் உயரத்தை நானும் சொல்லவில்லை.

இன்னொன்று. டிராயர் பெட்டியோடு சின்னப் பையில் இரும்புப் பட்டையும் ஸ்க்ரூவும் மிச்சம் இருக்கின்றன. தேவையில்லை என்று வைத்துவிட்டுப் போனார். பெட்டி உறுதியாகத்தான் நிற்கிறது. மகன் (மூன்று வயது) கீழ் டிராயரில் ஏறி நின்றான், லேசாகத்தான் ஆடியது.

ரசமட்டம் · மாலை 4:06

அந்த அறைக் கதவை இப்போதே மூடுங்கள். அந்தப் பட்டை மிச்சம் இல்லை, சுவரோடு பிணைப்பதற்கு வந்தது. குழந்தை டிராயரை இழுத்து அதில் ஏறினால் எடை முழுக்க முன்னால் வந்து பெட்டி அப்படியே கவிழும். சுவரில் பிணைக்கும்வரை அவனை அந்த அறைக்குள் தனியாக விடாதீர்கள்.

பழைய உளி · மாலை 4:15

ரசமட்டம் சொல்வதை அப்படியே கேளுங்கள். 2016 ஜூனில் அமெரிக்காவில் ஐகியா நிறுவனம் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிணைக்காத பெட்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு 2022 இறுதியில் இதற்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது. ஆடாமல் நிற்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மூடியிருக்கும்போது எல்லாப் பெட்டியும் ஆடாமல்தான் நிற்கும். கோபத்தில் சொல்லவில்லை அம்மா, பயத்தில் சொல்கிறேன்.

வாசல்படி · மாலை 4:28

நாளை வருபவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள், சுவரில் துளை போடுவாரா என்று. உள்ளே கம்பி, குழாய் இருக்குமோ என்ற பயத்தில் பலர் செய்ய மாட்டார்கள். சுவர் எந்த வகை? தட்டினால் பொத்பொத் என்று சத்தம் வந்தால் ஜிப்சம் பலகை. அதில் வெறும் பலகையில் ஸ்க்ரூ போட்டால் நிற்காது, பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் போட வேண்டும். சட்டங்கள் பெரும்பாலும் 40 செ.மீ. அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். சின்னக் காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்தினால் பலகையை அடித்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும், அதற்குப் பின்னால் சட்டம். செங்கல் சுவர் என்றால் துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்துப் போடலாம். சுவிட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள், கம்பி அந்த வழியில்தான் பெரும்பாலும் போகும். அலமாரிக்கும் இதே பிணைப்பு வேண்டும்.

நாலு கோடு · மாலை 4:40

கட்டில் ஸ்க்ரூ விஷயம் அப்படியே நிற்கிறது. அது ஸ்க்ரூவா, கேம் லாக்கா? கேம் லாக் என்றால் எதிர்ப் பலகையில் இருக்கும் போல்ட் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது லாக்கின் மேலுள்ள அம்புக்குறி போல்ட்டைப் பார்க்காமல் இருந்திருக்கும். கழற்றித் திருப்பி வைத்தால் பிடிக்கும். ஸ்க்ரூ என்றால் துளையில் மரப்பசை தடவி, தீக்குச்சித் துண்டுகளை இறுக்கி நிரப்பி, ஒரு இரவு காயவிட்டு மறுபடி கையால் முறுக்குங்கள். அதுவரை கட்டிலில் படுக்க வேண்டாம்.

தேக்கு மரம் · மாலை 4:52

தீக்குச்சி சில மாதம்தான் தாங்கும். துளையைப் பெரிதாக்கி முழு மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, அதில் புதுத் துளை போட்டால் நிற்கும். பலகையில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மாடியறை · மறுநாள் மாலை 6:37

இரண்டு பேர் வந்தார்கள். நிற்கவைத்தே பொருத்தினார்கள், இரண்டு கூடும் நிற்கின்றன. ஜிப்சம் சுவர்தான், காந்தம் வைத்துச் சட்டத்தைக் கண்டுபிடித்து அலமாரியையும் டிராயர் பெட்டியையும் பிணைத்தாயிற்று. மூலைவிட்டத்தை நானே அளந்தேன், 2 மி.மீ. வித்தியாசம். ஒரு கதவு லேசாக இறங்கியிருந்தது, கீல் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்தார். பணம் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, மகன் கூப்பிடுகிறான்.

ரசமட்டம் · மறுநாள் மாலை 6:50

மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்துப் பிணைப்பு ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

நாலு கோடு · மறுநாள் மாலை 7:05

கட்டில் ஸ்க்ரூ?

நாலு கோடு · நான்கு நாள் கழித்து

கட்டில் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.