ஆப்பிரிக்கத் தேள் பார்த்தவர்கள் எழுதுங்கள்: நான் அடிக்க வேண்டியதை விட்டுவிட்டேன்

மவுன்மணல்
போட்ஸ்வானாவில் போன நவம்பர், முதல் மழை பெய்த இரவு. யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிருமே, கேம்புக்குப் பின்னால் அப்படி இரண்டு. ஒன்று கையகலம், இடுக்கி இரண்டும் நண்டுக்கு இருப்பதுபோல. கிட்டே போனதும் சீறியது. பயத்தில் மண்வெட்டியால் ஒரே போடு. மற்றது அதைவிடச் சின்னது, பழுப்பு நிறம், இடுக்கி குச்சிமாதிரி. இது என்ன செய்துவிடும் என்று படம் மட்டும் எடுத்துவிட்டு வந்தேன்.

விடிகாலையில் வாட்ச்மேன் செருப்பில் கால் விட்டார். உதறியதும் விழுந்தது அதே குச்சி இடுக்கிதான். மதியத்துக்குள் அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை, வாயோரம் வழிந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் குளிருமே என்று போர்வையை எடுத்துப் போர்த்தினேன். துணி பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. அந்தப் போர்வையை என்னால் மறக்க முடியவில்லை. அடித்தது வளை தோண்டும் ஒபிஸ்தோஃப்தால்மஸ், விட்டது கடும் விஷமுள்ள பாராபூதஸ் கிரானுலாட்டஸ் என்று பிறகு தெரிந்தது.

குமாசி வாசி
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. பெரிய கறுப்புத் தேளைப் பார்த்தாலே அடிப்பதை எல்லோரும் நிறுத்த வேண்டும். இங்கே கானாவில் பேரரசத் தேள், 20 செ.மீ. வரை வளரும். ஒருநாள் கட்டையைப் புரட்டினேன், தாய்த்தேள். முதுகில் வெள்ளை வெளேரென்று குஞ்சுகள், அரிசியைக் கொட்டி வைத்ததுபோல. அது வாலைத் தூக்கவே இல்லை. இடுக்கியை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. கட்டையை மெதுவாக அப்படியே வைத்துவிட்டேன். செல்லப்பிராணி வியாபாரத்துக்காக இதைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்ததால்தான் 1995-இல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தார்கள். கறுப்பு என்றால் சாது, நம்புங்கள்.

லிம்போபோ ரவி
குமாசி நண்பரே, தயவுசெய்து அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். இங்கே பாராபூதஸ் டிரான்ஸ்வாலிகஸும் கறுப்புத்தான். கேரேஜில் ஒரு பெட்டியை நகர்த்தினேன், சரக் சரக் என்று உப்புத்தாளைத் தேய்க்கிற சத்தம். கொடுக்கை வாலின் மேற்பக்கத்தில் உரசுகிறது என்று அப்போது தெரியாது. குனிந்து பார்த்தேன். கண்ணில் ஏதோ தெறித்தது, மிளகாய்ப்பொடி விழுந்தது போல எரிச்சல். விஷத்தைப் பீய்ச்சுகிற தேள் இது. குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறத்தை வைத்து யாரும் முடிவு செய்யாதீர்கள்.

மடோபோ பாறை
என் கதை சின்னது. ஜிம்பாப்வேயில் பாறை வெடிப்புக்குள் ஹடோஜெனிஸ் என்ற தேள். காகித அட்டையைப்போலத் தட்டை, நூல் மாதிரி நீள வால், பெரிய இடுக்கி. பயந்து உள்ளே நழுவிப் போனது, அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியதைப் படித்ததும் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. இடுக்கியையும் வாலையும் சேர்த்துப் பாருங்கள். தடித்த இடுக்கி, ஒல்லி வால் என்றால் விஷம் பெரும்பாலும் லேசானது. ஒல்லி இடுக்கி, தடித்த வால் என்றால் தள்ளி நில்லுங்கள். பாராபூதஸில் கொடுக்குக் குமிழ் (வால் நுனியில் விஷம் இருக்கும் உருண்டைப் பகுதி) பெருத்து இருந்தால் டிரான்ஸ்வாலிகஸாக இருக்கலாம். கிரானுலாட்டஸுக்கு அந்தக் குமிழ் சின்னது, ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் அதிக ஆபத்தான தேள் அதுதான். அதனால் குமிழைப் பார்த்து ஏமாறாதீர்கள். இடுக்கியும் ஒல்லி, ஆளும் பொடி என்றால் மரப்பட்டையில் இருக்கும் யூரோப்ளெக்டிஸாக இருக்கலாம். வலிக்கும், உயிருக்கு ஆபத்து வராது. யூவி டார்ச்சையும் முழுதாக நம்பாதீர்கள், புதிதாகத் தோல் உரித்த தேள் ஒளிராது. கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கொட்டிவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். குழந்தை என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விஷமுறிவு மருந்து எல்லாருக்கும் போடுவதில்லை, கடுமையாகப் பாதித்தவர்களுக்குத்தான்.

துனிசியாவில் இருந்து
ரவி சொல்வதே சரி. இங்கே ஆண்ட்ரோக்டோனஸ் ஆஸ்ட்ராலிஸ் வைக்கோல் நிறம். ஆண்ட்ரோக்டோனஸ் என்ற பெயருக்கே ஆள்கொல்லி என்று பொருள். கூடாரத் துணியை மடிக்கும்போது என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்த வால் வளைந்து நின்றது, என் சுண்டுவிரல் பருமன். நம் ஊரிலும் பெரிய கருந்தேளைவிடச் சின்னச் செந்தேள்தானே ஆபத்து? பாட்டி சொன்னதை இங்கே வந்து மறந்துவிட்டேன்.

மவுன்மணல்
கேட்டவர்களுக்கு: வாட்ச்மேன் நான்காம் நாள் வீடு திரும்பினார். இரண்டு வாரம் கால் மரத்துப்போயிருந்தது. மடோபோ சொன்னபிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் இடுக்கியைப்போல இரண்டு மடங்கு தடிமன். அன்றைக்கு டார்ச் வெளிச்சத்திலேயே அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.