புதுப்பிப்பு: உரக் குடோனில் 13-0-45 மூட்டையும் கந்தகமும்

போன மாதம் கேட்டிருந்தேன்: கம்பம் பக்கம் எங்கள் உரக்கடை குடோனில் பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45) மூட்டைகளை ஒட்டியே கந்தகத்தூள், காலடியில் டீசல் கேன். இது சரியா என்று. சரியில்லை என்று எல்லோரும் திட்டினீர்கள். நியாயம்தான். நம் பாட்டன்மார் வெடியுப்பு என்று சொன்னதே இந்த 13-0-45தான், கந்தகத்தோடும் கரியோடும் சேர்த்தால் வெடிமருந்து, பக்கத்தில் கந்தகத்தை அடுக்க எனக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

இப்போது கந்தகம் தனி அறைக்குப் போய்விட்டது, டீசல் வெளியே. மூட்டைகள் பிளாஸ்டிக் பேலட் மேல், சுவரிலிருந்து தள்ளி. கிழிந்த மூட்டையில் சிந்தியதை மரத்தூள் போட்டுக் கூட்டும் பழக்கத்தைத்தான் நிறுத்த முடியவில்லை. மரத்தூள் எரியும் பொருள், நைட்ரேட்டோடு கலந்தால் ஆபத்து. லோடுமேன் அண்ணன் “இருபது வருஷமா இப்படித்தான் தம்பி” என்கிறார். மரத்தூள் மூட்டையையே ஒளித்துவைத்துவிட்டேன்.

தீயணைப்புக் கருவி பற்றி ஒரு திருத்தம். பவுடர் சிலிண்டர் போதும் என்று நானே எழுதியிருந்தேன். தப்பு. நைட்ரேட் சூடானால் தானே ஆக்சிஜனை வெளிவிடும், காற்றை அடைத்துப் பயனில்லை. நிறையத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் தீ சின்னதாக இருக்கும்போதே. பெரிதானால் ஓடிவிட வேண்டியதுதான்.

2013 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் வெஸ்ட் என்ற ஊரின் உரக்கிடங்கில் அமோனியம் நைட்ரேட் (இன்னொரு நைட்ரேட் உரம்) வெடித்து இறந்த 15 பேரில் பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். மரக் கட்டடம், மரத் தொட்டிகள். அதைப் படித்துவிட்டு, குடோனில் எது எங்கே இருக்கிறது என்று வரைந்து தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வயரிங் வேலை மட்டும் பாக்கி. எலக்ட்ரீசியன் வியாழக்கிழமை வருகிறாராம்.