வழக்கு வந்தபின் மின்னஞ்சல்களை எப்படித் திரட்டுவது?

கேள்வி:
கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் நிறுவனம். சட்டப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். வாடிக்கையாளர் ஒருவர் வணிக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார். ஆறு ஆண்டு மின்னஞ்சல்கள், விற்பனைப் பிரிவினரின் வாட்ஸ்அப் உரையாடல்கள், அலமாரியில் நான்கு பழைய மடிக்கணினிகள். நேற்று ஒரு மேலாளர் போனை மாற்றிவிட்டார். பழையதை மகனிடம் கொடுத்துவிட்டாராம். பதறிப்போனேன். எங்கே தொடங்குவது?

மறுமொழி 1:
முதலில் அந்தப் போனை இன்றே வாங்கி வையுங்கள். “எதையும் அழிக்கக் கூடாது” என்று தொடர்புடைய அனைவருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மின்னஞ்சல் தானாக அழியும் அமைப்பையும் நிறுத்துங்கள். அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து எதிருரைக்கு, அதாவது உங்கள் தரப்பு எழுத்துப் பதிலுக்கு, அதிகபட்சம் 120 நாள்தான். உங்களுக்குப் பாதகமான ஆவணங்களையும் அதனுடன் தாக்கல் செய்தாக வேண்டும்.

மறுமொழி 2:
இருபது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். அம்மா, மின்னஞ்சலை உங்களுக்கே ஃபார்வர்டு செய்து சேர்க்காதீர்கள். யார், எப்போது, எந்த சர்வர் வழியாக அனுப்பினார் என்று காட்டும் மூலத் தலைப்புத் தகவல் (header) போய்விடும். சர்வரிலிருந்து முழு நகல் எடுத்து, உடனே ஹாஷ் எண்ணைக் குறித்துவிடுங்கள்; அது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண். ஒருமுறை நான் விலைப்பட்டியல் கோப்பைத் திறந்து, பழக்கத்தில் சேமித்துவிட்டேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை, ஆனால் ஹாஷ் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணங்களுடன் தரும் சான்றிதழில் அந்த எண் இடம்பெற வேண்டும். நிபுணரின் கையொப்பமும் தேவை.

கேள்வி கேட்டவர்:
போன் கைக்கு வந்துவிட்டது. உரையாடல்கள் அப்படியே இருக்கின்றன. நாளை காலை சர்வர் நகல்.