1940 சட்டத்தில் நாட்டு மருந்துக்காரன் யாராவது உள்ளே போனானா?

சேகர், கரோல் பாக்: நேற்று நம் தில்லித் தமிழர் குழுவில் வாசு எழுதியிருந்தார்: "வெள்ளைக்காரன் 1940-ல் மருந்துச் சட்டம் போட்டான், கலப்பட நாட்டு மருந்து விற்றவனெல்லாம் உள்ளே போனான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தச் சட்டம் ஆயுர்வேத, யுனானி மருந்துகளைத் தொடவே இல்லை. நாட்டு மருந்துக்குத் தனி அத்தியாயம் 1964 திருத்தத்தில்தான் வந்தது. அப்புறம் யாரைப் பிடித்தார்கள்?

வாசு, ஆர்.கே.புரம்: 1860 தண்டனைச் சட்டத்தில் 274 (மருந்தில் கலப்படம் செய்வது), 275 (கலப்பட மருந்தை விற்பது), 276 (ஒரு மருந்தை இன்னொன்று என்று விற்பது) மூன்று பிரிவும் இருந்ததே சார்! ஆறு மாதம் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம் வரை போட முடிந்தது. அசோகப் பட்டை என்று சொல்லி நெட்டிலிங்கப் பட்டையைத் தலையில் கட்டியிருந்தால் 276 போதும்.

சேகர்: நீங்கள் எழுதியது 1940. இப்போது 1860-க்கு ஓடுகிறீர்கள். 275-ல் கலப்படம் என்று தெரிந்தே விற்றான் என நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய தில்லியின் மொத்தச் சந்தையான காரி பாவ்லியில் மூட்டையாக வாங்கிச் சில்லறைக்கு விற்றவன் "எனக்கு வந்த சரக்கே இதுதான்" என்றால் கேஸ் படுத்துவிடும். திஸ் ஹசாரி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். அமெரிக்காவில் 1906-லேயே சட்டம் வந்தது. போலிப் புற்றுநோய் மருந்து விற்றவன் மேல் வழக்குப் போட்டு, 1911-ல் அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. லேபிளில் சரக்கைப் பற்றிப் பொய் சொன்னால்தான் குற்றமாம், குணமாகும் என்று புளுகினால் இல்லையாம். அங்கேயே அந்த நிலை.

மீனாட்சி, மயூர் விகார்: சித்த மருத்துவத்தை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். 1940-ல் அதன் பெயரே இல்லை. 1964-லும் "சித்தம் உட்பட ஆயுர்வேதம்" என்றுதான் போட்டார்கள். நம் மருத்துவத்தை இன்னொன்றின் வாலாக்கியது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

வாசு: நல்லா கேட்டீங்க மேடம். ஆயுர்வேதம், யுனானி என்று பெயர் சொல்லித்தான் 1940-ல் விலக்கு; பெயர் இல்லை என்றால் விலக்கும் இல்லை. அப்போ சித்த மருந்துக்கு 1940 சட்டம் செல்லும்!

சேகர்: அந்தச் சட்டப்படி ஒரு சித்த மருந்து வியாபாரி மேல் போட்ட வழக்கைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று.

வாசு: எதற்கெடுத்தாலும் காட்டு, காட்டு. பொங்கல் விழாக் கணக்கிலும் கரும்புக்கு ரசீது கேட்டு என்னைச் சபையில் நிறுத்தியவர்தானே நீங்கள்.

சேகர்: அந்த ரசீது இன்றுவரை வரவில்லை.

ராஜி, துவாரகா: வாசு அண்ணா, சேகர் சாரின் மச்சான் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். அதனால்தான் 1964, 1964 என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சேகர்: என் மச்சான் கடையை இழுக்காதீர்கள் ராஜி. அவர் பட்டையை முழுசாக வாங்கி, உடைத்துப் பார்த்துத்தான் அரைப்பார். பொடியாக வாங்கினால் எது அசோகம், எது நெட்டிலிங்கம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மீனாட்சி: சித்தம் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வாசு: 276-ஐப் படித்துவிட்டு வாருங்கள் சார். அதில் தமிழ் மருந்து, இங்கிலீஷ் மருந்து என்ற பேதமே இருந்ததில்லை.

சேகர்: படித்துத்தான் பேசுகிறேன். நாட்டு மருந்தில் கலப்படத்துக்கும் போலிக்கும் தனித்தனிப் பிரிவு 1982 திருத்தத்தில்தான் வந்தது. நான் கேட்டது 1940. யார் உள்ளே போனான்?